சுவிட்சர்லாந்துக்கு முதல் பயணம்: எதை முன்பே கட்டுவது, எதைக் கடைசிவரை தொடாமல் இருப்பது

குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போகலாம் என்று முடிவானதும் நாங்கள் பார்த்த ஏஜென்ட் ஒரு தாளை நீட்டினார். எந்தத் தேதியில் எந்த மலை, எந்த ரயில், எந்த ஓட்டல் என்று எல்லாம் அதில் இருந்தது. எல்லாவற்றுக்கும் உடனே பணம் கட்ட வேண்டுமாம். அந்தத் தாளை விட்டுவிட்டு ஒவ்வொன்றாக நாங்களே விசாரித்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் தெரிந்தது இதுதான்: இந்த நாட்டில் சில வேலைகளை மாதக்கணக்கில் முன்பே முடிக்க வேண்டும், சிலவற்றை முந்தின நாள் மாலைவரை தொடவே கூடாது. இதைத் தலைகீழாகச் செய்கிறவர்களுக்குத்தான் செலவு எகிறுகிறது.

கீழே உள்ள தொகைகளைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் அவ்வப்போது ஏறும்.

1. முதலில் மாதம், பிறகு விமான டிக்கெட்

ஏப்ரல் பாதியிலிருந்து மே வரையும், நவம்பரிலும் பல மலை ரயில்களும் ரோப் கார்களும் பராமரிப்புக்காக மூடிக்கிடக்கும். ஒவ்வொன்றும் வேறு வேறு வாரங்களில் மூடும். விமான டிக்கெட் மலிவாகக் கிடைப்பதும் அநேகமாக இந்த மாதங்களில்தான். ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன்பு, நீங்கள் பார்த்தே தீர வேண்டும் என்று நினைக்கும் மலையின் இணையதளத்தில் அந்த வாரம் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பள்ளி விடுமுறையை விட்டால் வழியில்லை, மேயில்தான் போக முடியும் என்றால் போகலாம். பனி உருகும் காலம் என்பதால் லாவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் அருவிகள் நிறைந்து கொட்டும். ஆனால் 2,000 மீட்டருக்கு மேலுள்ள நடைபாதைகளில் பனி கிடக்கும். கார் எடுத்து ஃபுர்கா, கிரிம்சல், சுஸ்டன் கணவாய்களில் ஓட்டும் ஆசை இருந்தால், அவை பொதுவாக ஜூனிலிருந்து அக்டோபர்வரைதான் திறந்திருக்கும்.

2. விசா

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. எனவே எடுக்க வேண்டியது ஷெங்கன் விசாதான். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள்வரை போகும். நெருக்கடி இதில் இல்லை, அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதில் இருக்கிறது. கோடைப் பயணத்துக்கு ஏப்ரலில் போய்த் தேடினால் நாள் கிடைப்பது கஷ்டம். ஜனவரி, பிப்ரவரியிலேயே பிடித்துவிடுங்கள்.

பாஸ்போர்ட், நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை, சொந்தச் செலவில் தங்குகிறவருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 பிராங்க் (சுவிஸ் நாணயம்) என்பது சுவிஸ் அதிகாரிகள் வைத்திருக்கும் அளவுகோல். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் பெரிய தொகையைக் கொண்டுவந்து போடாதீர்கள். எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குத் தாள் காட்ட வேண்டிவரும்.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும், தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் அதில் மூன்று இடங்களைப் பாருங்கள்: பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, ஷெங்கன் என்ற சொல் இருக்கிறதா, கடைசித் தேதி நீங்கள் விமானம் ஏறும் தேதிதானா, இல்லை அதற்கு முந்தின நாளா. இரவு விமானத்தில் திரும்புகிறவர்களுக்கு இந்த ஒரு நாள்தான் இடிக்கும்.

எந்த நாட்டின் வழியாக விண்ணப்பிப்பது என்பதில் ஏஜென்ட்கள் குறுக்குவழி சொல்வார்கள். விதி எளிது: அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாடு, நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. சுவிட்சர்லாந்தில் ஆறு இரவு, பாரிஸில் மூன்று இரவு என்றால் சுவிஸ் விசாதான். ஓட்டல் புக்கிங்கும் அதையே சொல்ல வேண்டும். புக்கிங்கை இலவசமாக ரத்து செய்யக்கூடிய வகையில் எடுங்கள்.

விசா வந்தவுடன் ஸ்டிக்கரைப் படியுங்கள். செல்லுபடியாகும் தேதிகள் ஒரு வரியில் இருக்கும். தங்க அனுமதித்த நாட்களின் எண்ணிக்கை வேறு வரியில் இருக்கும். முதலாவதை மட்டும் பார்த்து, முப்பது நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். நாட்கள் என்ற இடத்தில் 12 என்று இருந்தால் 12 நாள்தான். ஒருமுறை நுழைவு விசாவில் நடுவே லண்டன் போய்த் திரும்பவும் முடியாது.

3. உறவினர் வீட்டில் தங்குவதானால்

நம்மில் பலருக்கு அங்கே அண்ணனோ சித்தியோ இருப்பார்கள். அவர்களிடமிருந்து அழைப்புக் கடிதமும், அவர்களுடைய வதிவிட அனுமதி அட்டையின் நகலும் வேண்டும். உங்கள் வருமானம் போதாது என்று தூதரகம் நினைத்தால் பொறுப்பேற்பு உறுதிமொழி கேட்கும். அதாவது உங்கள் செலவுக்கு 30,000 பிராங்க்வரை தான் பொறுப்பு என்று அழைப்பவர் தன் ஊர் அல்லது கன்டோன் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கன்டோன் என்பது அங்கே மாநிலம் மாதிரி. மொத்தம் 26 இருக்கின்றன, நடைமுறை ஆளுக்கொரு விதம். இதற்கே வாரங்கள் ஆகலாம். எனவே வீட்டில் தங்குகிறவர்கள் ஓட்டலில் தங்குகிறவர்களைவிட முன்னதாகத் தொடங்குங்கள்.

நிராகரித்துவிட்டால் 30 நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம், கட்டணம் 200 பிராங்க். காரணம் ஏதோ ஒரு தாள் குறைவதுதான் என்றால், புதிதாக விண்ணப்பிப்பதே பெரும்பாலும் சீக்கிரம் முடியும்.

4. ரயில் பாஸ்: அவசரப்பட்டு வாங்காதீர்கள்

ஏஜென்ட்கள் எல்லோர் தலையிலும் கட்டுவது சுவிஸ் டிராவல் பாஸ். 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கும். இரண்டாம் வகுப்பில் 3 நாளைக்கே 240 பிராங்குக்கு மேல். ரயில், படகு, மஞ்சள் போஸ்ட் பஸ், நகரப் பேருந்து, சுமார் 500 அருங்காட்சியகங்கள் எல்லாம் இதில் அடங்கும். நல்ல பாஸ்தான். ஆனால் மலை என்று வரும்போது கணக்கு மாறுகிறது.

ரிகி மலை முழுவதும் பாஸில் சேர்ந்தது. டிட்லிஸுக்குப் பாதிக் கட்டணம். யுங்ஃப்ராவ்யோக் என்ற உயரமான மலை ரயில் நிலையத்துக்கோ, கிரிண்டெல்வால்ட் அல்லது வெங்கன்வரைதான் பாஸ் செல்லும், அதற்கு மேல் 25 சதவீதத் தள்ளுபடி மட்டும். இன்டர்லாக்கனிலிருந்து அங்கே போய்வர முழுக் கட்டணம் 200 பிராங்கைத் தாண்டுவதால் நீங்கள் கட்ட வேண்டிய மீதித் தொகை சின்னதல்ல.

இன்னொன்று ஹாஃப் ஃபேர் கார்ட். ஒரு மாதம் செல்லும். அநேகமாக எல்லா ரயிலும் பாதி விலை, யுங்ஃப்ராவ்யோக்கும் பாதி விலை. என் கணக்கு இப்படி: தினமும் ஊர் மாறி நாடு முழுக்கச் சுற்றுகிறவர்களுக்கு டிராவல் பாஸ். ஒரே ஊரில் தங்கி இரண்டு மூன்று பெரிய மலை ஏறுகிறவர்களுக்கு ஹாஃப் ஃபேர் கார்ட். எஸ்பிபி என்ற சுவிஸ் ரயில்வே ஆப்பில் உங்கள் பயணங்களை ஒவ்வொன்றாகப் போட்டு விலையைக் கூட்டிப் பாருங்கள், அரை மணி நேர வேலை. அந்தக் கூட்டலைச் செய்யாமல் எந்தப் பாஸும் வாங்காதீர்கள்.

மூன்றாவது வழி சேவர் டே பாஸ். ஒரு நாள் முழுக்க நாடெங்கும் போகலாம். 6 மாதம் முன்பே விற்பனைக்கு வரும், மிகச் சீக்கிரம் எடுத்தால் 52 பிராங்க், நாள் நெருங்க நெருங்க ஏறும். சூரிச்சிலிருந்து இன்டர்லாக்கன் ஒரு வழிக்கே முழுக் கட்டணம் 70 பிராங்க் அளவில் ஆகிறது என்பதை வைத்துப் பார்த்தால் லாபம் தெரியும். ஊர் மாறும் நாட்களின் தேதி உறுதி என்றால் இதை முன்பே எடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்று. 6 முதல் 15 வயதுவரை இருப்பவர்களுக்கு, பெற்றோர் சுவிஸ் டிராவல் பாஸோ ஹாஃப் ஃபேர் கார்டோ வைத்திருந்தால், அவர்களோடு காசில்லாமல் பயணிக்க உதவும் ஃபேமிலி கார்ட் இலவசம். கேட்டால்தான் தருவார்கள், ஆன்லைனில் வாங்கும்போது அதற்கான கட்டத்தைத் தேட வேண்டும்.

5. ரயிலில் ஏறும்போது

சாதாரண ரயில்களுக்கு இருக்கை முன்பதிவு தேவையில்லை. கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் போன்ற சுற்றுலா ரயில்களுக்கு மட்டும் பாஸ் இருந்தாலும் முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் காசு. கூரை வரை கண்ணாடி வைத்த பெட்டிக்குத்தான் அந்தப் பணம். அதே பெர்னினா தண்டவாளத்தில், அதே பாலங்கள் வழியாகச் சாதாரண ரயில்களும் ஓடுகின்றன. முன்பதிவு வேண்டாம், அவற்றில் பல பெட்டிகளின் ஜன்னலைத் திறக்கவும் முடியும். படம் எடுக்கிறவர்களுக்கு அதுதான் மேல். கடைசி நிலையமான திரானோ இத்தாலியில் இருக்கிறது, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

நடுவழியில் பிரியும் ரயில்கள்தான் புதியவர்களைச் சிக்க வைக்கின்றன. இன்டர்லாக்கன் ஓஸ்ட்டில் நிற்கும் ரயிலைப் பாருங்கள்: ஒரே நடைமேடை, ஒரே ரயில். ஸ்வைலூட்ஷினன் என்ற சின்ன நிலையத்தில் அது இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி கிரிண்டெல்வால்டுக்கும் மறுபாதி லாவுட்டர்புருன்னனுக்கும் போய்விடும். ஓடி வந்து கிடைத்த கதவில் ஏறினால் வேறு பள்ளத்தாக்கில் இறங்குவீர்கள். பெட்டியின் வெளியே உள்ள பலகையில் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள். நடைமேடையில் தொங்கும் ஏ, பி, சி, டி எழுத்துகளும் இதற்காகத்தான். இன்டர்லாக்கனில் வெஸ்ட், ஓஸ்ட் என இரண்டு நிலையங்கள் உண்டு. மலைக்குப் போகும் ரயில்கள் ஓஸ்ட்டிலிருந்து கிளம்பும்.

டிக்கெட்டை ஆப்பில் வாங்கினால் ரயில் நகர்வதற்கு முன் வாங்கி முடித்திருக்க வேண்டும். பரிசோதகரைக் கண்டதும் போனை எடுத்தால் ஏற்க மாட்டார்கள், அபராதம் முதல் தடவையே 90 பிராங்குக்கு மேல் போகும். கதவருகே 1 என்று எழுதி மஞ்சள் கோடு இருந்தால் முதல் வகுப்பு, அங்கே உட்காராதீர்கள்.

6. மலை டிக்கெட்: முந்தின நாள் மாலைவரை தொடாதீர்கள்

மலைச் சிகரத்துக்குத் தேதி போட்டு மாதம் முன்பே பணம் கட்டுவது சூதாட்டம். மேலே மேகம் மூடினால் கண்ணுக்குத் தெரிவது வெள்ளைச் சுவர் மட்டும். அதற்காகப் பணம் திரும்ப வராது.

எல்லாப் பெரிய மலைகளின் உச்சியிலும் நேரலைக் கேமரா இருக்கிறது. காலை ஆறரை, ஏழு மணிக்கு எழுந்து அதைப் பாருங்கள். மீட்டியோ சுவிஸ் என்ற அரசு வானிலை ஆப்பையும் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிவதை மட்டும் நம்ப வேண்டாம். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கீழே ஊர்களை நாள் முழுக்க மூடுபனி மூடியிருக்கும். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஏறினால் மேலே சுள்ளென்று வெயில் அடிக்கும், காலடியில் மேகம் கடல் மாதிரி பரந்து கிடக்கும். கீழே இருட்டாக இருக்கிறதே என்று அறையில் முடங்குகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஆகவே நான்கு நாள் இன்டர்லாக்கன் பக்கம் தங்கினால் எந்த நாளையும் யுங்ஃப்ராவ்யோக் நாள் என்று குறிக்காதீர்கள். எது தெளிவான காலையோ அதுதான் மலை நாள். மற்ற நாட்களுக்குப் படகும் அருவியும் பழைய நகரமும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் மிகுதி என்பதால் முந்தின நாள் மாலை வானிலை பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

யுங்ஃப்ராவ்யோக் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கியதும் படியில் விறுவிறுவென்று ஏறினால் தலை சுற்றும். மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள். இதயக் கோளாறு உள்ளவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். கோடையிலும் மேலே உறைபனிக் குளிர்தான்.

ஒரே ஒரு மலைக்குத்தான் பணம் இருக்கிறது, டிராவல் பாஸும் இருக்கிறது என்றால் நான் ரிகியைத்தான் சொல்வேன். 1,798 மீட்டர். லூசர்னிலிருந்து படகில் விட்ஸ்னாவ், அங்கிருந்து பற்சக்கர ரயில், மொத்தமும் பாஸுக்குள். காலடியில் பனி வேண்டும் என்று குழந்தைகள் அடம்பிடித்தால் மட்டும் டிட்லிஸ்.

நடக்கப் போகிறவர்கள் மஞ்சள் பலகைப் பாதையோடு நின்றுகொள்ளுங்கள். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறி மலைப்பாதை, நல்ல ஷூ வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை நமக்கானதல்ல. ஏறுவதற்கு முன்பே கடைசி ரோப் கார் எத்தனை மணிக்கு என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. நான்கு மொழி: எங்கே சிக்கல் வரும்

ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ். சூரிச், பேர்ன், லூசர்ன், இன்டர்லாக்கன் ஜெர்மன் பக்கம். ஜெனீவா, லோசான், மொன்த்ரோ பிரெஞ்சு. லுகானோ, லொகார்னோ இத்தாலியன். ரோமான்ஷ் கிழக்கே கிராவுபுண்டன் கன்டோனில் மட்டும். சுற்றுலா இடங்களில் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளலாம். சிக்கல் ஊர்ப் பெயர்களில் வருகிறது.

ஒரே ஊருக்கு மொழிக்கொரு பெயர். ஜெனீவா ஜெர்மனில் கென்ஃப். பேசல் பிரெஞ்சில் பால். சியோன் ஜெர்மனில் ஸிட்டன். ஃப்ரிபூர் ஜெர்மனில் ஃப்ரைபுர்க். அதே பெயரில் ஜெர்மனியிலும் ஒரு நகரம் இருக்கிறது, ஓட்டல் புக் செய்யும்போது நாட்டைப் பாருங்கள். கிழக்குக் கோடியில் இருப்பது சென்ட் மோரிட்ஸ். மேற்கே வலே கன்டோனில் இருப்பது சேன் மோரிஸ். டிக்கெட் இயந்திரத்தில் அவசரத்தில் மாற்றித் தொட்டால் நாட்டின் எதிர்முனைக்கு டிக்கெட் வரும்.

நடைமேடை என்பதற்கு ஜெர்மனில் கிளைஸ், பிரெஞ்சில் வுவா, இத்தாலியனில் பினாரியோ. நிலையங்களில் மஞ்சள் தாள் புறப்பாடு, வெள்ளைத் தாள் வருகை. மொழி தெரியாவிட்டாலும் நிறம் போதும். இறைச்சி என்பதற்கு ஃப்ளைஷ், வியாந்த், கார்னே. உணவுப் பொட்டலங்களில் பெரும்பாலும் மூன்று மொழியிலும் அச்சிட்டிருப்பார்கள், இவற்றில் ஒன்றையாவது தேடிப் பிடித்துவிடலாம். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சிச் சாறு ஊற்றியதா என்று கேளுங்கள்.

கடையில் நுழைந்ததும் முதலில் வணக்கம், அப்புறம் கேள்வி. ஜெர்மன் பக்கம் க்ரூயெட்சி, பிரெஞ்சுப் பக்கம் போன்ஷூர், இத்தாலியன் பக்கம் புவொன்ஜோர்னோ. இன்னொன்று, தமிழ் யாருக்கும் புரியாது என்று நினைத்து டிராமில் பக்கத்தில் இருப்பவரைப் பற்றி விமர்சிக்காதீர்கள். அங்கே ஈழத் தமிழர்கள் ஏராளம். டிராம் ஓட்டுகிறவரே தமிழராக இருக்கலாம்.

8. தங்கும் இடம்

ஓட்டல் விலையோடு ஆளுக்கு, இரவுக்கு இத்தனை என்று ஊர் வரி சேரும். புக்கிங்கில் காட்டிய தொகையில் அது பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பதிலாகப் பல ஊர்களில் விருந்தினர் அட்டை தருகிறார்கள். பேசல், ஜெனீவாவில் நகரப் பேருந்தும் டிராமும் இலவசம். திசினோ கன்டோனில் தங்கினால் கன்டோன் முழுக்கவே இலவசம். லுகானோவில் மூன்று நாள் இருக்கப் போகிறீர்கள் என்றால் அந்த நாட்களுக்கு டிராவல் பாஸே தேவைப்படாது. அட்டையை வருவதற்கு முன்பே மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் வந்து சேரும் நாளிலிருந்தே செல்லும்.

செர்மாட், வெங்கன், மூர்ரன் ஊர்களுக்குள் கார் போகாது. செர்மாட்டுக்கு டேஷ் என்ற இடத்தில் காரை நிறுத்திவிட்டு ரயில் ஏற வேண்டும். பெரிய பெட்டிகளோடு போகிறவர்கள் நிலையத்திலிருந்து ஓட்டல் எவ்வளவு தூரம் என்று பார்த்து அறை எடுங்கள்.

9. சாப்பாடும் ஞாயிற்றுக்கிழமையும்

உணவகத்தில் ஒரு தட்டு 25 முதல் 35 பிராங்க். தண்ணீருக்கும் காசு. சமையலறையோடு கூடிய அறை எடுத்தால் செலவு நன்றாகக் குறையும். மிக்ரோஸ், கோப் இரண்டும் ஊர்தோறும் உள்ள சூப்பர் மார்க்கெட்கள். பெரிய கிளைகளில் நாமே எடுத்துச் சாப்பிடும் உணவகமும் உண்டு. ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை மாலையே சீக்கிரம் பூட்டிவிடுவார்கள். ஞாயிறன்று பாலும் ரொட்டியும் வேண்டுமென்றால் பெரிய ரயில் நிலையத்துக்கோ விமான நிலையத்துக்கோதான் போக வேண்டும். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். தெரு ஊற்றுகளிலும் குடிக்கக் கூடாது என்ற பலகை இல்லாவிட்டால் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

பேர்ன் நகரத்தில் ஐரோப்பா பிளாட்ஸ் நிலையத்தருகே பல சமயங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் கட்டடத்தில் ஞானலிங்கேஸ்வரர் கோயில் இருக்கிறது. சூரிச்சில் 1898 முதல் நடக்கும் ஹில்ட்ல் முழுச் சைவ உணவகம், விலை மலிவல்ல.

வீட்டிலிருந்து பொடி, தொக்கு கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் வேண்டாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள்கள் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள்.

10. காசு, போன், பிளக்

நாணயம் சுவிஸ் பிராங்க். யூரோ சில இடங்களில் எடுப்பார்கள், மீதியைப் பிராங்கில் மோசமான விகிதத்தில் தருவார்கள். அட்டை இயந்திரம் உங்கள் நாட்டு நாணயமா பிராங்கா என்று கேட்டால் பிராங்க் என்று சொல்லுங்கள். கழிப்பறைக்கு ஒன்று, இரண்டு பிராங்க் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பா என்று விற்கும் எல்லா சிம்மும் சுவிட்சர்லாந்தில் வேலை செய்யாது. நாடுகளின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கும் தனி: மூன்று முனை, குழிக்குள் அமைந்தது. ஜெர்மனிக்கு வாங்கிய தடித்த வட்ட அடாப்டர் உள்ளே நுழையாது.

அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 144, மலையில் ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414. ஹெலிகாப்டர் மீட்பை உங்கள் காப்பீடு ஏற்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

11. எல்லையில், வரும்போதும் போகும்போதும்

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் புதிய பதிவு முறை படிப்படியாக வந்தது. முதல் தடவை முகப் படம் எடுப்பார்கள், விசாவுக்குக் கொடுத்த விரல் ரேகையைச் சரிபார்ப்பார்கள். பிராங்பர்ட் வழியாகப் போனால் இது அங்கேயே நடக்கும், சூரிச்சில் அல்ல. எனவே இணைப்பு விமானத்துக்கு ஒரு மணி நேர இடைவெளியில் டிக்கெட் எடுக்காதீர்கள்.

கைக்கடிகாரம் மாதிரி ஏதாவது வாங்கினால், ஒரே கடையில் 300 பிராங்குக்கு மேல் இருந்தால் வரியைத் திரும்பப் பெறலாம். வரி 8.1 சதவீதம், வரியைத் திருப்பித் தரும் இடை நிறுவனத்தின் கமிஷன் போக அதற்குக் குறைவாகத்தான் கைக்கு வரும். கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்க வேண்டும். சுங்க முத்திரை சுவிட்சர்லாந்தை விட்டு வெளியேறும் இடத்திலேயே போட வேண்டும். அங்கிருந்து ரயிலில் பாரிஸோ மிலானோ போய் விமானம் ஏறுகிறவர்கள், கடைசி விமான நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் அங்கே சுவிஸ் படிவத்தை வாங்க மாட்டார்கள். சூரிச், ஜெனீவாவிலிருந்து நேரே பறக்கிறவர்கள், வாங்கிய பொருள் பெரிய பெட்டிக்குள் இருந்தால் பெட்டியைக் கவுண்டரில் ஒப்படைப்பதற்கு முன்பே சுங்க மேசைக்குப் போய்விடுங்கள்.